விராலி

விராலி என்பது ஆண்டு முழுவதும் இலையுதிராமல் பசுமையாக நிற்கும் புதர்ச்செடி. இதன் தாவரவியல் பெயர் டோடோனியா விஸ்கோசா. பூந்திக்கொட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டின் மருத்துவரும் தாவரவியலாளருமான ரெம்பர்ட் டோடோன்ஸ் நினைவாக முதற்பெயர் அமைந்தது. ‘விஸ்கோசா’ என்பதற்கு ஒட்டும் தன்மையுடையது என்று பொருள். புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலைக்கு இச்செடியால் அப்பெயர் வந்தது என்பர்.

வாழிடம்

வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் வளர்கிறது. தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட, கல் நிறைந்த சரிவுகளில் காணப்படும். இராஜபாளையம், திருவில்லிபுத்தூர், வ. புதுப்பட்டி ஆகிய ஊர்களை ஒட்டிய மலையடிவார மேட்டுநிலங்கள் இதற்கு ஏற்றவை.

அடையாளம் காணல்

பெரும்பாலும் ஆளுயரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வளரும். இலைகள் குறுகி நீண்டவை; காம்பு மிகச் சிறியது; தண்டில் மாறிமாறி அமைந்திருக்கும். இளந்தளிர் பளபளப்பாக இருக்கும். தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். பூக்கள் சிறியவை, இதழ் அற்றவை. காற்றால் மகரந்தச் சேர்க்கை நடைபெறும். காயில் காகிதம் போன்ற இரண்டு முதல் நான்கு சிறகுகள் இருக்கும். காய் முற்றியதும் பழுப்பாகும்.

தொலைவில் பார்ப்பவர் அரளி என்று மயங்கக்கூடும். அரளியில் ஒரு கணுவில் பெரும்பாலும் மூன்று இலைகள் இருக்கும். பிசுபிசுப்பும் சிறகுக்காயும் இல்லை. அரளி நஞ்சுடையது. நாட்டு மருத்துவத்தில் சுளுக்கு, வீக்கத்துக்கு விராலி இலையை வைத்துக் கட்டும் வழக்கம் உள்ளதால், இவ்வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம்.

வளர்க்கும் முறை

பெரும்பாலும் ஆண், பெண் பூக்கள் தனித்தனிச் செடிகளில் பூக்கும். ஆகவே காய்த்த செடியிலிருந்தே விதை கிடைக்கும். பழுத்த காய்களை உள்ளங்கையில் தேய்த்துச் சிறகுகளை நீக்க வேண்டும். விதையுறை கடினமானது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி விதைமேல் ஊற்றி, ஓர் இரவு ஊறவிட்டால் முளைப்பு எளிதாகும்.

ஆடி, ஆவணியில் பைகளில் விதைத்து, ஐப்பசி மழையில் நடலாம். வேலிக்கு ஒன்றரை அடி இடைவெளி போதும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது. முதல் கோடையில் மட்டும் அவ்வப்போது நீர் ஊற்ற வேண்டும். இடுப்பளவில் நுனியை வெட்டிவந்தால் அடர்ந்து கிளைக்கும்.

பயன்

ஆடுமாடுகள் இதை விரும்பி மேய்வதில்லை. எனவே உயிர்வேலிக்கு உகந்தது. வேர்கள் சரிவு மண்ணைப் பிடித்து வைக்கின்றன. களை என்று கருதி இதை அகற்றினால் மழையில் மேல்மண் அரித்துப் போகும். விதையைச் சொந்த நிலத்துச் செடிகளில் சேகரிக்கலாம். சரணாலயக் காட்டிலிருந்து செடியோ விதையோ எடுப்பது சட்டப்படி குற்றம்.