இரும்பா, துப்பாக்கியா?

“மாமா, ஒரு ரைஃபிளைப் பாகம் பாகமா வாங்கி வீட்டுலயே பூட்டினா, எந்தக் கட்டத்துல அது துப்பாக்கி ஆகுது?”

தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகன் கேட்ட கேள்வி இது. இயந்திரப் பொறியியலில் டிப்ளோமா முடித்துவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் 22 வயதுப் பையன். கெட்ட சகவாசம் கிடையாது. அமெரிக்கர் ஒருவர் தன் வீட்டு மேசையில் அரைத் தானியங்கி ரைஃபிள் ஒன்றைப் பூட்டி முடிக்கும் காணொளியைப் பார்த்திருக்கிறான். கைவேலை தெரிந்த எந்தப் பையனுக்கும் அதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் இரண்டு மூன்று பாகங்களைத் தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தான். பணம் மட்டும் இன்னும் கட்டவில்லை.

நான் பைராம் தோட்டத்துப் பிள்ளை. இருபது ஆண்டுகளாக லேத், மில்லிங் இயந்திரங்களோடு பிழைக்கிறவன். அதனால்தான் என்னிடம் கேட்டான். நான் சொன்ன பதில் மற்ற வீடுகளுக்கும் உதவும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

அங்கே சரி, இங்கே?

அவன் பார்த்த காணொளி பொய்யில்லை. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்கத் தடை விதிக்கப்படாத ஒருவர், விற்பனைக்காக இல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்கென ஒரு துப்பாக்கியைச் செய்துகொள்ளலாம். சில மாநிலங்கள் இதற்குக் கட்டுப்பாடு விதித்துள்ளன. 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர் வகை ரைஃபிள்தான் இந்தப் பொழுதுபோக்கின் நாயகன். அதன் பாகங்கள் தனித்தனியாகக் கழலும்; ஒரு நிறுவனத்தின் பாகம் இன்னொரு நிறுவனத்தின் பாகத்தோடு பெரும்பாலும் பொருந்தும்.

அமெரிக்கச் சட்டம் அந்தப் பாகங்களில் ஒன்றை மட்டும், அதாவது விசைப் பொறியைத் தாங்கும் உடற்பகுதியை மட்டும், ‘துப்பாக்கி’ என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. குழலும் கட்டையும் சுருள்வில்லும் அங்கே வெறும் உதிரிப்பாகங்கள். அரைகுறையாகச் செதுக்கிய உடற்பகுதியை விற்று, வாங்குபவர் வீட்டில் முடித்துக்கொள்ளும் வழி பெருகியதும் எண் பொறிக்கப்படாத ‘பேய்த் துப்பாக்கிகள்’ பரவின. அவற்றைக் கட்டுப்படுத்த 2022இல் விதி வந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ வேறு மாதிரி. ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்திலேயே துப்பாக்கியின் ‘எந்தவோர் உறுப்பும்’ அடங்கிவிடுகிறது. காற்றுத் துப்பாக்கியும் அதில் உண்டு. சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைக்கும் துணைக்கருவியும் உண்டு. ஆகவே அவன் கேள்விக்கு மலேசியப் பதில்: முதல் பாகத்திலேயே ஆகிவிடுகிறது. முழுதாகப் பூட்டும்வரை சட்டம் காத்திருக்காது. தபாலில் வரும் ஒரே ஒரு குழல் போதும்.

உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் அந்தச் சட்டப்படி ஏழாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின்கீழ் குற்றம் சாட்டப்பட்டால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் கைவசம் இருந்தால் கடத்தல் என்றே அனுமானிக்கப்படும். உரிமமின்றி ஆயுதம் தயாரிப்பதோ மரண தண்டனை வரை கொண்டுபோகக்கூடிய குற்றம். 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீங்கிவிட்டது என்பது உண்மை. ஆனால் மரண தண்டனையே நீங்கிவிடவில்லை. தூக்கா அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் பிரம்படியுமா என்று முடிவு செய்யும் உரிமை நீதிபதிக்குக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

“பொழுதுபோக்குக்குச் செஞ்சேன்னு சொன்னா?” என்றான். “அதை நீதிமன்றத்துலதான்யா சொல்லணும். அதுக்குள்ள உன் வேலை போயிருக்கும், அம்மா படுத்த படுக்கையா இருப்பாங்க” என்றேன்.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை?

இந்தக் கேள்விக்கு விடை தேட நாங்கள் தூரம் போக வேண்டியதில்லை. நிபோங் தெபால் வட்டாரத்துத் தோட்டங்கள் பல ராம்ஸ்டன் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தவை. இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் அவர்களுடைய மாளிகை இருந்த இடத்தின் பெயர்தான் பைராம். பக்கத்திலுள்ள கலிடோனியா தோட்டத்தின் ‘99 கதவு’ பங்களாவை அறியாத நிபோங் தெபால்காரர் இருக்க முடியாது. 1948 ஜூனில் ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் அந்த பங்களாவில்தான் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் யார் என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை.

அதே ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுடப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்றானது. தமிழர்களாகிய நாம் மறக்கக்கூடாத பெயர் ஒன்று அந்த விதியோடு பிணைந்திருக்கிறது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு மன்றாடியும் பயனில்லை. கைதானதிலிருந்து தூக்குவரை சுமார் இரண்டே மாதம்.

அவசரகாலம் 1960இல் முடிந்தது. அதே ஆண்டு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆவது பிரிவு துப்பாக்கிக்கான மரண தண்டனையைத் தொடர்ந்தது. அந்தச் சட்டம் 2012இல்தான் விலக்கப்பட்டது. நம் நாட்டுத் துப்பாக்கிச் சட்டங்களின் கடுமைக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

அதற்காகத் தோட்டத்தில் துப்பாக்கியே இல்லை என்று அர்த்தமில்லை. இளஞ்செம்பனையின் குருத்தைக் காட்டுப்பன்றி கிளறித் தின்னும் பருவத்தில், உரிமம் பெற்ற ஒருவர் ‘செனாப்பாங் பாத்தா’வோடு வருவார். சிறுவர்களான எங்களுக்கு அது திருவிழா. ஆனால் அந்த ஒற்றைத் துப்பாக்கிக்கும் எண் உண்டு, உரிமம் உண்டு, போலிஸ் நிலையத்தில் கணக்கு உண்டு.

பட்டறைக்காரனின் பார்வை

சட்டத்தை விட்டுவிட்டுத் தொழிலாகவே பார்ப்போம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 32 பிஎஸ்ஐ. அவன் பார்த்த ரைஃபிளில் ஒரு தோட்டா வெடிக்கும்போது அறைக்குள் எழும் அழுத்தம் சுமார் 55,000 பிஎஸ்ஐ. அதுவும் சுடுபவரின் கன்னத்திலிருந்து சில அங்குலத் தூரத்தில். அரைத் தானியங்கி என்றால், ஒவ்வொரு முறை விசையை இழுத்ததும் வெடித்த வாயுவோ பின்னுதைப்போ பொறியைத் தள்ளி, காலிக்கூட்டை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில். இரும்பின் தரமோ பதமோ பிசகினால் உடைந்து பறப்பது முதலில் சுடுபவர் முகத்தில்தான்.

1966 முதல் இயங்கும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை ‘திருச்சி தாக்குதல் ரைஃபிள்’ போன்றவற்றைத் தயாரிக்கிறது. தமிழர் கைகள் ரைஃபிள் செய்யத் தெரியாதவை அல்ல. ஆனால் அங்கே உலோகச் சோதனை, அளவுச் சோதனை, சுட்டுப் பார்க்கும் சோதனை என்று ஒரு படையே பின்னால் நிற்கிறது. சாப்பாட்டு மேசையில் அது கிடையாது.

வீட்டில் செய்த துப்பாக்கி என்ன செய்யும் என்பதை 2022 ஜூலை 8 அன்று ஜப்பானின் நாரா நகரில் உலகமே பார்த்தது. முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைக் கொன்றது, கடையில் வாங்கிய துப்பாக்கி அல்ல. கட்டுப்பாடு மிகுந்த நாடுகள் இதன்பிறகு இன்னும் விழிப்பாக இருக்கின்றன.

ஆசை இருந்தால் வழி உண்டு

குறி பார்த்துச் சுடும் ஆசை தவறில்லை. அது ஒலிம்பிக் விளையாட்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நூர் சுர்யானி எட்டு மாத கர்ப்பிணியாக 10 மீட்டர் காற்று ரைஃபிள் பிரிவில் களமிறங்கினார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அதே பிரிவில் உலகத் தரவரிசையில் முதலிடம் தொட்டவர். பதிவுபெற்ற துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்தால் பயிற்றுநர், பாதுகாப்புப் பாடம், உரிமமுள்ள ஆயுதம் மூன்றும் முறையாகக் கிடைக்கும்.

செய்து பார்க்கும் ஆசைதான் பெரிது என்றால், கைக்கு வேலை தர எத்தனையோ இருக்கின்றன. சிறு நீராவி இயந்திரம், கடிகாரம், பழைய மோட்டார் சைக்கிள். நுட்பமான துல்லியம் அவற்றுக்கும் வேண்டும். பாயான் லெப்பாஸிலும் பத்து காவானிலும் அந்தத் துல்லியத்துக்குத்தான் சம்பளம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இப்படிக் கேட்டால் அறைய வேண்டாம், “போலிஸ் பிடிச்சிடும்” என்று வாயை அடைக்கவும் வேண்டாம். கேட்கிற பிள்ளை இன்னும் பணம் கட்டாத பிள்ளை. சட்டத்தின் அந்த விளக்கத்தை எடுத்து, ‘எந்தவோர் உறுப்பும்’ என்ற வரியை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அவன் சொல்ல, நீங்கள் கேட்கும் பழக்கமும் வீட்டில் இருக்கட்டும்.