சலவைப் பொறியின் வாய் மேலேயா, முன்னேயா?

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, காலைத் திருப்பலி முடிந்து நாம் பங்கு இல்லத்திற்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம் நம்மை வழிமறித்து நின்றது. கணவர், மனைவி, கல்லூரியில் பயிலும் மகள், இடுப்பு வலியால் சற்றே வளைந்து நடக்கும் பாட்டி ஆகிய நால்வர். "சுவாமி, எங்கள் வழக்கு ஒன்றைத் தாங்கள்தாம் தீர்த்து வைக்க வேண்டும்" என்றார் கணவர்.

வழக்கு வேறொன்றுமில்லை, சலவை இயந்திரம். பதினைந்து ஆண்டுகள் உழைத்த பழைய இயந்திரம் ஓய்ந்துவிட்டது. மேற்புறம் திறக்கும் பழைய வகையே போதும் என்பது தந்தையின் கட்சி. முன்புறம் கண்ணாடிக் கதவு கொண்ட புதிய வகையே வேண்டும் என்பது மகளின் கட்சி. குனிய வேண்டாத பெட்டியாக இருக்கட்டும் என்பது பாட்டியின் விண்ணப்பம். அவ்வீட்டில் நாள்தோறும் துணி துவைப்பவராகிய தாயார் மட்டும் வாய் திறக்கவில்லை. பல இல்லங்களில் இன்று நடைபெறும் வழக்காதலின், இதனை நம் வாசகர்களோடு சேர்ந்து ஆராய விழைகிறோம்.

புதியது எது, பழையது எது?

சலவைப் பொறியின் வரலாற்றில் இறைப்பணியாளர் ஒருவருக்கும் இடமுண்டு. செருமனி நாட்டு ரெகன்ஸ்பர்க் நகரின் புராட்டஸ்டண்ட் போதகரும் இயற்கை நூல் வல்லுநருமான யாக்கோப் கிறிஸ்தியான் ஷேஃபர், 1767-ஆம் ஆண்டிலேயே கையால் இயக்கும் மரத்தொட்டிப் பொறி ஒன்றைப் பற்றி நூல் வெளியிட்டார். மின்விசை வந்தபின் அமெரிக்கா முந்திக்கொண்டது. அயோவா மாநிலத்தின் நியூட்டன் நகரிலிருந்த மேட்டாக் நிறுவனம், தொட்டியின் அடியில் துடுப்புகளைப் பொருத்தி, அவை நீரைக் கலக்கும் முறையை 1922-இல் புகுத்தியது. அமெரிக்க இல்லங்களின் பழைய மேற்புறப் பொறி என்று பெயர் பெற்ற வகைக்கு இதுவே வித்து.

முன்புறக் கதவுடைய பொறியை நாம் புதுமை என்கிறோம். ஆனால் தானாகவே துவைத்து, அலசி, பிழியும் வீட்டு இயந்திரமாக 1937-இல் பெண்டிக்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் கொணர்ந்தது முன்புறக் கதவுடைய பொறியையே! அதன் ஆட்டம் தாங்க முடியாததாக இருந்ததால், அதனைத் தரையோடு திருகாணியால் பிணைக்க வேண்டியிருந்தது. மேற்புறம் திறக்கும் தானியங்கிகள் போருக்குப்பின், 1947-இல்தான் கடைக்கு வந்தன. அமெரிக்கர் மேற்புறத்தைப் பற்றிக்கொண்டனர். ஐரோப்பியர் முன்புறத்தைப் பற்றிக்கொண்டனர்.

துவைக்கும் முறை

பழைய அமெரிக்கப் பொறியில் தொட்டி நிறைய நீர் நிற்கும். நடுவே எழுந்து நிற்கும் தண்டு இடமும் வலமுமாகத் திரும்பித் துணிகளை உலுக்கும். இக்காலத்து மேற்புறப் பொறிகள் பலவற்றில் அத்தண்டு இல்லை. அடியில் ஒரு சுழல்தட்டு மட்டுமே உண்டு. நம் நாட்டில் விற்கப்படுபவை பெரும்பாலும் இவையே.

முன்புறப் பொறியிலோ உருளை கிடைமட்டமாகச் சுழல்கிறது. அடியில் சிறிதளவே நீர் நிற்கும். உருளையின் உட்புறத்து வரம்புகள் துணியைத் தூக்கிச் சென்று மேலிருந்து விழச் செய்கின்றன. நம் முன்னோர் துவைக்கும் கல்லில் துணியை அடித்ததைப் போன்றதே இவ்வீழ்ச்சி. மேற்புறப் பொறியின் வேலை, தொட்டி நீரில் துணியைக் கையால் அலசிக் கசக்குவதைப் போன்றது.

இவ்வேறுபாட்டிலிருந்தே ஏனைய நிறைகுறைகள் யாவும் பிறக்கின்றன. நடுத்தண்டுடைய பழைய பொறி ஒரு முறை துவைக்க ஏறக்குறைய 150 லிட்டர் நீரைக் குடிக்கும். முன்புறப் பொறிக்கு அதில் பாதியும் வேண்டாம். மேலும், அது நிமிடத்திற்கு 1,000 முதல் 1,400 சுற்று வரை சுழன்று பிழிவதால் துணி விரைவில் உலர்கிறது. மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும். ஆனால் பழைய பொறி அரைமணி அல்லது முக்கால்மணியில் முடிக்கும் வேலைக்கு இது ஒரு மணி, இரண்டு மணி எடுத்துக்கொள்கிறது. நீரைச் சூடாக்கினால் மின்கட்டணமும் ஏறும்.

அமெரிக்க அரசு நீரையும் மின்விசையையும் சேமிக்கக் கருதி 2004-இலும் 2007-இலும் விதிகளைக் கடுமையாக்கியது. நீரைக் குறைத்தனர், ஆனால் மேற்புறப் பொறிகள் சிலவற்றில் அழுக்குச் சரிவரப் போகவில்லை என்ற முறையீடு எழுந்தது. ஆகவே பழைய முறையில் பற்றுடையோர் இன்றும் அங்கு உளர். விஸ்கான்சின் மாநிலத்து ரிப்பன் நகரின் ஸ்பீட் குவீன் நிறுவனம் அவர்களுக்காக நடுத்தண்டுப் பொறியை இன்றும் செய்து வருகிறது.

நம் அனுபவம்

நமது பங்கு இல்லத்திலும் ஒரு முன்புறப் பொறி வாங்கினோம். நம் உதவியாளர் வழக்கம்போல் சாதாரணச் சோப்புத்தூளை இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டுவிட்டார். சிறிது நேரத்தில் நுரை பொங்கித் தாழ்வாரம் வரை வந்துவிட்டது! நீர் குறைவாதலின் இவ்வகைக்கு நுரை குறைந்த தூளையே, அதுவும் அளந்தே இட வேண்டும் என்று அன்று கற்றோம். மழைக்காலத்தில் மற்றொரு பாடம். பீடத்துணிகளில் பூஞ்சை வாடை வீசியது. துவைத்து முடிந்ததும் கதவை இறுகச் சாத்தி வைத்தோம். ரப்பர் வளையத்தின் மடிப்பில் நீர் தேங்கிப் பூஞ்சை பிடித்துவிட்டது. இப்போது வளையத்தைத் துடைத்துக் கதவைச் சற்றே திறந்து வைக்கிறோம். ஆனால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டார் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். அவர்கள் விளையாட்டாக உள்ளே புகுந்துவிடக் கூடும்.

பழுது பார்ப்பதிலும் வேறுபாடுண்டு. பழைய பொறியில் பட்டை அறுந்தாலும் மின்தேக்கி கெட்டாலும் நம் ஊர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். புதிய பொறிகளில் மின்னணுப் பலகை பழுதானால் செலவு மிகும். உருளை மூடி ஒட்டப்பட்டிருப்பின், உள்ளே பேரிங் தேய்ந்தால் உருளைத் தொகுதி முழுவதையுமே மாற்ற நேரிடலாம்.

எதைப் பார்த்து வாங்குவது?

நீரை விலை கொடுத்து வாங்கும் வீடாயின் முன்புற வகையே நலம். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்றதை யார் மறப்பார்? ஆனால் மேல்நிலைத் தொட்டி போதிய உயரத்தில் இல்லையெனில் முன்புறப் பொறிக்குள் நீர் எளிதில் ஏறாது. ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர், சூடாக்கும் கம்பியின்மேல் கல்லாகப் படியும். முதியோர் குனியாதிருக்க வேண்டுமாயின் மேற்புற வகை, அல்லது முன்புறப் பொறிக்கு உறுதியான உயரப் பீடம் வேண்டும். சிறு வருவாயுடைய குடும்பத்திற்கு இரட்டைத் தொட்டிப் பொறியும் தாழ்ந்ததன்று. முதல் துணியின் சோப்பு நீரிலேயே அடுத்த துணியையும் துவைத்து எத்தனையோ தாய்மார்கள் நீரைச் சேமிக்கின்றனர்.

2009-ஆம் ஆண்டு மகளிர் நாளன்று வத்திக்கான் நாளிதழ் 'லொசெர்வாத்தோரே ரொமானோ', பெண்களின் விடுதலையில் சலவை இயந்திரத்திற்குள்ள பங்கைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. சிலர் நகைத்தனர், சிலர் சினந்தனர். அதில் உண்மையில்லாமல் இல்லை. எனினும், அமெரிக்க வரலாற்றறிஞர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் எழுதிய நூலில் வேறொன்றைச் சுட்டினார்: வீட்டுப் பொறிகள் வந்தபின்னும் தாயின் வேலை நேரம் எதிர்பார்த்தவாறு குறையவில்லை. வாரம் ஒருமுறை துவைத்த இடத்தில் நாள்தோறும் துவைக்கத் தொடங்கினால் வேலை எவ்வாறு குறையும்?

இதனை எண்ணியே நாம் அன்று அத்தாயாரிடம் திரும்பி, "துவைப்பவர் தாங்கள், தங்கள் எண்ணம் என்னம்மா?" என்று வினவினோம். அவர் தயங்கியபடியே, "எதை வாங்கினாலும் சரி, சுவாமி. துவைப்பதைப் பொறி பார்த்துக்கொள்ளும். ஈரத்துணியை மாடிக்குத் தூக்கிச் சென்று உலர்த்த யாராவது வந்தால் போதும்" என்றார். தந்தையும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். வழக்கறிஞர் இருவருக்கும் அதன்பின் வாதம் எழவில்லை.

லாரித் தண்ணீரை நம்பி வாழும் வீடாதலின் அவர்கள் முன்புறப் பொறியையே வாங்கி, பாட்டிக்காக உயரப் பீடத்தின்மீது வைத்திருக்கின்றனர். சென்ற சனியன்று அத்தெருவில் இல்லம் சந்திக்கச் சென்றோம். மொட்டை மாடியில் தந்தையார், தோளில் ஈரச் சேலையோடு, கொடிக்கம்பியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் சற்றே நாணினார். நாம் கீழிருந்தே கையுயர்த்தி ஆசி வழங்கிவிட்டு வந்தோம்.