அப்பாவின் கடையை விற்கப் போறீங்களா? முதல்ல இதைப் பாருங்க

சபாக் பெர்ணமில் செம்பனை ஆலைகளுக்கும் நெல் அறுவடை இயந்திரங்களுக்கும் பம்ப், பேரிங், பெல்ட் விநியோகித்து, பழுதும் பார்க்கும் கடை உங்கள் குடும்பத்துடையது என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு வயதாகிவிட்டது. உங்களுக்கோ கோலாலம்பூரில் வேலை.

எதை விற்கிறீர்கள்?
கடை அப்பா பெயரில் தனியுரிமையாக இருந்தால், சட்டப்படி அவரும் கடையும் ஒன்றுதான். சரக்கு, லோரி, கருவிகள் எனத் தனித்தனியாகத்தான் விற்க முடியும். செண்டிரியான் பெர்ஹாட் என்றால் பங்குகளையே மாற்றலாம். அதற்கு முத்திரை வரி 0.3 விழுக்காடு.

கணக்கு எங்கே?
வாங்குபவர் முதலில் கேட்பது இதைத்தான். வரிப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருப்பது கட்டாயம். வீட்டுச் செலவையும் கடைச் செலவையும் இப்போதே பிரியுங்கள். ஓடாத சரக்கைக் கழியுங்கள். இபிஎஃப், சொக்சோ பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள்.

எல்லாம் அப்பா தலையிலா?
எந்த ஆலைக்கு எந்த அளவு பெல்ட், யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியுமா? அப்படியானால் அவர் போனதும் கடையின் மதிப்பும் போய்விடும். எழுதி வையுங்கள். ஊழியர் ஒருவரைப் பழக்குங்கள்.

ஊழியர்கள்?
உரிமை கைமாறிய 7 நாளுக்குள் புதிய முதலாளி பழைய சலுகைகள் குறையாமல் வேலை தர முன்வராவிட்டால், பழைய முதலாளியும் புதிய முதலாளியும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பணிநீக்க இழப்பீட்டுக்குப் பொறுப்பு. தகுதியுள்ளவர் 5 ஆண்டுக்கு மேல் உழைத்திருந்தால், ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 1980ஆம் ஆண்டு விதிமுறை இது. விலை பேசும்போதே இதையும் பேசிடுங்க. அப்பாவோடு உழைத்தவர்கள் நடுத்தெருவில் நிற்கக் கூடாது.