ஏரிக்கும் ஒரு பேரேடு வேண்டும்

போன சித்திரையில் எங்கள் ஏரியில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் மீன்பாசி குத்தகை எடுத்த அண்ணன் வலை போட்டார். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலையை இழுத்துப் போட்டவர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், இங்க வாங்க. இது என்னான்னு பாருங்க."

முக்கால் முழ நீளம். உடம்பு முழுக்க ஓடு போர்த்தினது போல முரட்டுத் தகடுகள், கறுப்பு வரிகள், அடிப்பக்கம் உறிஞ்சுகிற வாய். முதுகுத் துடுப்பு முள்ளாக விறைத்து நின்றது. பிடித்து அரை மணி ஆகியும் உயிரோடு கிடந்தது.

"ரெண்டு வருசமா வருது சார். மொதல்ல ஒண்ணு ரெண்டு. இப்ப வலைக்கு இருவது முப்பது. வலையக் கிழிக்குது. சந்தையில ஒருத்தனும் வாங்கமாட்டேங்கறான்."

"ரெண்டு வருசம் முன்னாடியே பாத்தீங்களே அண்ணே, யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"யாருகிட்ட சார் சொல்றது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மீன் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. வீட்டில் வண்ணமீன் தொட்டி வைத்திருப்பவர்கள் 'டேங்க் கிளீனர்' என்று வாங்குவார்களே, அதுதான். விரல் நீளத்தில் வாங்கும்போது கண்ணாடியில் ஒட்டிய பாசியைத் தின்றுகொண்டு சமர்த்தாக இருக்கும். வளர்ந்து தொட்டி கொள்ளாமல் போனதும், கொல்ல மனமில்லாமல் பக்கத்துக் குளத்திலோ கால்வாயிலோ விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா எல்லா இடத்திலும் இப்போது நீர்நிலைகளில் இது இருக்கிறது.

"மீன்காரருக்குத்தானே நஷ்டம், விவசாயிக்கு என்ன?" என்று கேட்கலாம். இதில் ஆண் மீன், முட்டைக்காகக் கரையில் வளை தோண்டும். வெளிநாடுகளில் இது பெருகிய இடங்களில் கரை அரித்துச் சரிந்திருக்கிறது. நம்முடைய ஏரிக்கரை மண்கரை. அதை நம்பித்தான் கீழே ஆயக்கட்டு முழுவதும் இருக்கிறது.

சின்னதாக இருக்கும்போதே

வங்கியில் இருந்த காலத்தில் ஒன்று பழகியிருந்தேன். ஒரு கடன் 90 நாள் தவணை தவறினால்தான் வாராக்கடன். ஆனால் 30 நாள், 60 நாள் தாண்டும்போதே அந்தக் கணக்கைத் தனியாகக் குறித்து வைப்போம். முதல் தவணை தவறியதும் நேரில் போய்ப் பேசினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 90 நாள் கழித்துப் போனால் நோட்டீஸ், வழக்கு, ஜப்தி என்று இழுக்கும். பணமும் முழுசாக வராது. ஏரிக்குள் நுழைகிற அயல் உயிருக்கும் இதே கணக்குதான் என்று அமெரிக்காவின் பேரேரிகள் பற்றிப் படித்தபோது புரிந்தது.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே ஐந்து பெரிய ஏரிகள் இருக்கின்றன. உலகத்தில் நிலத்தின் மேல் இருக்கும் நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றில்தான் இருக்கிறது. அவற்றில் வெளியிலிருந்து வந்து குடியேறியவை 180 இனங்களுக்கு மேல். எல்லாமே கெடுதல் செய்பவை இல்லை. செய்தவை பெரிதாகச் செய்துவிட்டன.

அதில் ஒன்று லாம்ப்ரே. விலாங்கு மாதிரி உடம்பு, வட்ட வாய் நிறையப் பல். பெரிய மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். கடல் பக்கம் இருந்த இது மேலேறி வராமல் நயாகரா அருவி தடுத்து வைத்திருந்தது. கப்பல் போக அருவியைச் சுற்றிக் கால்வாய் வெட்டினார்கள். அந்த வழியே இதுவும் ஏறிவிட்டது. 1921-ல் ஈரி என்ற ஏரியில் கண்ணில் பட்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1930-கள் முடிவதற்குள் மேலே இருந்த மற்ற ஏரிகளிலும் பரவிவிட்டது. 1950-களுக்குள் அங்கே ட்ரவுட் மீன்பிடித் தொழிலே படுத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் இரண்டு நாடும் சேர்ந்து 1954-ல் ஒப்பந்தம் போட்டு ஒரு கூட்டு ஆணையம் வைத்தன. ஏறத்தாழ 6,000 வேதிப்பொருள்களைச் சோதித்து, லாம்ப்ரே குஞ்சுகளைக் கொல்கிற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். குஞ்சுகள் ஏரியில் சேரும் ஓடைகளின் சேற்றில் சில வருஷம் புதைந்து வாழும். அந்த ஓடைகளில் மருந்து விடுகிறார்கள். தடுப்பணை, பொறி எல்லாம் வைத்திருக்கிறார்கள். லாம்ப்ரே பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் முற்றாக ஒழியவில்லை. கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருஷமும் வேலை குறைந்தது. உடனே எண்ணிக்கை ஏறிவிட்டது.

இயற்கை வழி விவசாயம் செய்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் பார்க்கத் தவறினதுக்கு 60 வருஷத்துக்கும் மேலாகத் தண்ணீரில் மருந்து. இன்றும் நிறுத்த முடியவில்லை. ஏரியில் விஷம் ஊற்றக் கூடாது என்று சொல்வதற்கு நமக்கு உரிமை வேண்டுமானால், விஷம் தேவைப்படாத கட்டத்திலேயே நாம் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

1988-ல் அதே ஏரித் தொடரில் வரிக்குதிரை மட்டி என்ற சின்னச் சிப்பி வந்தது. கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்துச் சரக்கு. கப்பல்கள் பாரத்துக்காக அடியில் நிரப்பிக்கொண்டு வருகிற தண்ணீரில் வந்து இறங்கியது. குடிநீர்க் குழாய்களுக்குள் அடை அடையாக ஒட்டி அடைத்தது. அதன் பிறகு வருகிற வழியையே கவனிக்க ஆரம்பித்தார்கள். கப்பல்கள் நடுக்கடலில் உப்புத் தண்ணீரால் தொட்டியைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று சட்டம் வந்தது. 2000-களின் நடுப்பகுதியிலிருந்து கப்பல் வழி புது வரவு வெகுவாகக் குறைந்துவிட்டது.

பார்த்ததை எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு பொதுப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள்: எந்த உயிர், எந்த இடம், எந்த நாள். தூண்டில் போடுகிறவர் பார்த்துச் சொன்னாலும் சரிபார்த்து ஏற்றுவார்கள். இன்னொரு முறையும் இருக்கிறது. மீன் கண்ணிலேயே படாவிட்டாலும் அதன் செதிலும் கழிவும் தண்ணீரில் மரபணுத் தடயம் விடும். ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதித்தே "இந்த மீன் இங்கே வந்திருக்கலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். சிக்காகோ பக்கம் கால்வாயில் மின்சாரத் தடுப்பு போட்டு, இப்படித் தண்ணீரைச் சோதித்துச் சோதித்து ஒரு மீனைத் தடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எந்த மீன் தெரியுமா? வெள்ளிக் கெண்டை! நம் ஊரில் கூட்டு மீன் வளர்ப்புக்குப் பண்ணைக்குட்டையில் விடுகிறோமே, அதுவேதான். அவர்களும் 1970-களில் வளர்ப்புக் குளத்தைச் சுத்தம் செய்யத்தான் கொண்டுவந்தார்கள். குளத்திலிருந்து தப்பித்து ஆற்றில் பெருகிவிட்டது.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. இமாச்சலத்தில் பக்ரா அணைக்குப் பின்னால் இருக்கும் கோவிந்த சாகர் நீர்த்தேக்கத்தில், 1971 வெள்ளத்தில் ஒரு மீன் பண்ணையிலிருந்து வெள்ளிக் கெண்டை தப்பிப் போனது. சில வருஷங்களில் அங்கே பிடிபடும் மீனில் அதுவே பெரும்பங்கு, கட்லா குறைந்துவிட்டது. நம் பக்கத்துக் கதை ஜிலேபி. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பாற்றும் மீன். அமராவதி போன்ற அணைகளில் அதன் ஆதிக்கம்தான். ஏழைக்கு மலிவான மீன் கிடைத்தது என்பதும் உண்மை. அதற்கு முன்னால் அங்கே என்னென்ன மீன் எவ்வளவு இருந்தது என்று எழுதி வைத்திருந்தால்தானே லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியும்?

என் குட்டையில் நடந்தது

இதுவரை ஊர்க் கதை சொன்னேன். என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்று நிலத்துக்கு வந்த இரண்டாம் வருஷம் பண்ணைக்குட்டை வெட்டினேன். ஒரு வியாபாரி "நாட்டுக் கெளுத்திக் குஞ்சு சார், சாவே கிடையாது" என்று சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தார். நான் எதுவும் விசாரிக்கவில்லை. ஐயாயிரம் ரூபாய் கடனுக்கு ஐந்து கையெழுத்து கேட்டவன், இதற்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆறே மாதத்தில் ஒவ்வொன்றும் கிலோவைத் தாண்டியது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் மீன் தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இது ஆப்பிரிக்கக் கெளுத்தி ஆச்சே, வளர்க்கத் தடை இருக்கே" என்றார்.

அந்தக் கார்த்திகையிலேயே பெரிய மழை. குட்டை நிரம்பிக் கரை ஓர் ஓரத்தில் உடைந்தது. தண்ணீர் வரத்துக் கால்வாய்க்குப் போனது. கால்வாய் ஏரிக்குப் போகிறது. எத்தனை மீன் போனது என்று எனக்குத் தெரியாது. இந்தக் கெளுத்தி காற்றையும் சுவாசிக்கும், ஈர மண்ணில் நகர்ந்தும் போகும், சின்ன மீன், தவளை, எது கிடைத்தாலும் தின்னும். நான் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். மறுவருஷம் ஏரியில் அயிரையும் குறவையும் குறைந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அதற்கு என் கெளுத்திதான் காரணமா, வேறு எதாவதா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. முன் வருஷக் கணக்கு யாரிடமும் இல்லை.

"யாருகிட்ட சார் சொல்றது" என்று அந்த அண்ணன் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது அதனால்தான். சொல்ல வேண்டியது எனக்கும் இருந்தது. அன்றைக்கே கரையில் உட்கார்ந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்தக் கெளுத்தி நாலஞ்சு மாட்டுச்சு சார். நீங்க விட்டதுதானா?" என்றார். அவ்வளவுதான்.

நோட்டு எழுதுவது எப்படி?

இப்போது நானும் அவரும் எங்கள் நீர்க்கட்டியும் சேர்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறோம். பெரிய வேலை ஒன்றுமில்லை.

இடங்கள் நான்கு: வரத்துக் கால்வாய் ஏரியில் சேரும் வாய், மதகு, கலங்கல், மீன் இறக்கும் கரை. புதுசாக வருவது பெரும்பாலும் இங்கேதான் முதலில் தெரியும்.

வருஷத்துக்கு நான்கு முறை: ஏரி நிரம்பியதும், தை கடைசியில், தண்ணீர் வற்றும்போது, முதல் மழைக்குப் பிறகு. தேதி, நீர்மட்டம், பார்த்த செடி, பார்த்த மீன். வலை போடும் நாளில் கூடைக்கணக்கு: விரால் எத்தனை, கெண்டை எத்தனை, ஜிலேபி எத்தனை, டேங்க் கிளீனர் எத்தனை. தெரியாதது வந்தால் பக்கத்தில் ஒரு அளவுகோலோ தீப்பெட்டியோ வைத்துச் செல்போனில் படம்.

தேடிப் பார்த்து ஒன்று இல்லையென்றால் "இல்லை" என்றும் எழுத வேண்டும். போன தையில் இல்லை, இந்தத் தையில் இருக்கிறது என்றால்தான் எப்போது வந்தது என்று தெரியும்.

யாரிடம் சொல்வது? 2002-ம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். நம் நோட்டின் நகலை அதில் சேர்க்கச் சொல்லிக் கிராமசபையில் கேட்கலாம். படத்தை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டலாம். மீன்பாசி ஏலத்தின்போதே "என்ன குஞ்சு விடப்போகிறீர்கள்" என்று கேட்டு எழுதி வாங்கலாம்.

வெங்காயத் தாமரை பற்றியும் ஒரு வார்த்தை. மூடாக்குக்கும் மட்குக்கும் நாம் விரும்பி அள்ளுகிற சரக்கு அது. நல்ல சூழலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். விதை சேற்றில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அதனால் பச்சையாக வண்டியில் ஏற்றி வேறு ஏரி, குளம் வழியாகக் கொண்டுபோகாதீர்கள். பூக்கும் முன் அள்ளி, அதே கரையில் நன்றாகக் காயவிட்டு, பிறகு எடுங்கள். ஆலைக்கழிவு சேரும் ஏரியில் வளர்ந்தது வேண்டவே வேண்டாம். அது கன உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியை இது மூடியபோது, இதை மட்டுமே தின்னும் கூன்வண்டுகளை 1990-களில் விட்டார்கள், பெருமளவு குறைந்தது. அதே வண்டுகள் 1980-களிலேயே பெங்களூருக்கும் வந்து சில ஏரிகளில் நல்ல பலன் கொடுத்தன. ஆனால் சாக்கடையும் யூரியாவும் தண்ணீரில் சேர்ந்துகொண்டே இருந்தால் எந்த வண்டும் ஈடுகொடுக்காது. விக்டோரியாவிலும் தாமரை பிறகு திரும்ப வந்தது.

கடைசியாக, குட்டை வைத்திருக்கும் நண்பர்களுக்கு. குஞ்சு வாங்கும்போது பெயர் எழுதின ரசீது கேளுங்கள். வழிந்தோடும் வாயில் வலை கட்டுங்கள். கரையைக் கார்த்திகைக்கு முன் உயர்த்துங்கள். மீறி ஏதாவது போய்விட்டால், என்னைப் போல மறைக்காமல் அன்றைக்கே ஊரில் சொல்லிவிடுங்கள்.

எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரியாக என் குட்டை உடைந்த தேதியைத்தான் எழுதியிருக்கிறேன்.