எஞ்சின் மாற்றமும் வரவு செலவும்

சிறு சரக்கு வண்டிக்கு எஞ்சின் மாற்றுவதென்றால் எஞ்சினின் விலைதான் செலவு என்று பலர் எண்ணுகின்றனர். என் சிற்றப்பாவின் பிழைப்பு ஒரு டாட்டா ஏஸ் வண்டி. சென்ற விடுமுறையில் அதற்கு எஞ்சின் மாற்றக் கணக்கெழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அப்போது கற்றதை நண்பர்களுக்குக் கூறுகின்றேன்.

முதற்கண், மாற்றத்தான் வேண்டுமா? கம்ப்ரஷனை அளந்து பார்க்க வேண்டும். ரீபோர் செய்து புதிய பிஸ்டன், ரிங் போட்டால் பிழைக்கும் எஞ்சினை எறிவது வீண்.

மாற்றுவதாயின் அதே வகை எஞ்சினே நலம். 2005இல் வந்த முதல் ஏஸின் எஞ்சின் 702 சி.சி., இரண்டே சிலிண்டர். அவ்விடத்தில் பெரிய எஞ்சினை வைத்தால் கிளட்ச், கியர் பாக்ஸ், ரேடியேட்டர், பிரேக் என்று செலவு வாலாய் நீளும்.

கணக்கிற்குத் தலைப்புகள் நான்கு. ஒன்று, எஞ்சின். இரண்டு, எஞ்சினை இறக்கியபோதே மாற்ற வேண்டிய கிளட்ச் தட்டு, ரப்பர் மவுண்டிங், ஹோஸ், பெல்ட், ஃபில்டர், ஆயில். மூன்று, கூலி. நான்கு, வண்டி நிற்கும் நாட்களின் வருவாய் இழப்பு. வண்டி நின்றாலும் கடன் தவணை நில்லாதன்றோ! மொத்தத்தில் ஐந்திலொரு பங்கை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குதல் நன்று.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, எஞ்சின் மாற்றம் பதிவுச் சான்றில் ஏற வேண்டும். பழைய எஞ்சின் வாங்குவோர் ரசீதைக் கட்டாயம் கேட்டுப் பெறுக. எண் பொருந்தாவிடில் திருட்டுப் பொருளோ என்ற ஐயம் எழும். காப்பீட்டுத் தொகைக்கும் தடை நேரலாம்.

எங்கள் கணக்கில் நான்காம் தலைப்பு மூன்றாவதை விஞ்சிற்று. ஆகவே எஞ்சினும் உதிரிப் பொருள்களும் பட்டறைக்கு வந்து சேர்ந்த பின்னரே பழைய எஞ்சினை இறக்கச் சொன்னோம்.