டிராக்டரா, பாப்கேட்டா? சிறு பண்ணைக்கு ஏற்ற யந்திரம்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை முடித்து மாலையில் ஊர் திரும்பும் நம் அங்கத்தினர் வீட்டு இளைஞர்கள், அங்கே கண்ட சிறு யந்திரம் ஒன்றைப் பற்றி வியந்து பேசுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. நான்கு குட்டைச் சக்கரங்கள். முன்புறம் ஒரு வாளி. நடுவே கூண்டு போன்ற இருக்கை. ஓர் ஆள் உட்கார்ந்து இரண்டு பிடிகளை அசைத்தால், யந்திரம் நின்ற இடத்திலேயே பம்பரம்போல் சுழல்கிறது. இதன் முறையான பெயர் ஸ்கிட் ஸ்டீர் லோடர். மண் தோண்டும் யந்திரம் எதுவாயினும் அதை ஜேசிபி என்று சொல்லிப் பழகிய நம் மக்கள், இதையும் ஒரு கம்பெனியின் பெயராலேயே பாப்கேட் என்கிறார்கள். நாமும் அப்படியே வழங்குவோம்.

“டிராக்டருக்கு வைத்திருக்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் கடன் சேர்த்து இதையே வாங்கிவிட்டால் என்ன?” என்பது மகன் கேட்கும் கேள்வி. அந்தக் “கொஞ்சம் கடன்” நிலத்தின் பத்திரத்தை ஈடுவைத்து வாங்குவதாக இருக்கும் என்பதால், தகப்பனார் அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லுமுன் விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது நலம்.

முதலில் இந்த யந்திரம் எதற்காகப் பிறந்தது என்பதைப் பார்க்கவேண்டும். தொழிற்சாலையில் காண்பதால் தொழிற்சாலைக்கென்றே செய்தது என்று நினைக்கிறோம். அது சரியன்று. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற சிற்றூரில், பட்டறை வைத்திருந்த கெல்லர் சகோதரர்கள் 1957-ஆம் ஆண்டில் இதன் முதல் உருவத்தைச் செய்தனர். அவ்வட்டாரத்தில் வான்கோழி வளர்த்த விவசாயி ஒருவருக்குத் தம் கொட்டகையிலுள்ள எருவை அள்ளி அகற்ற ஒரு வழி வேண்டியிருந்தது. கொட்டகைக்குள் தூண்கள் நெருக்கமாக நின்றன. பெரிய டிராக்டர் உள்ளே திரும்ப இயலாது. ஆகவே மூன்று சக்கரங்களில் ஒரு சிறு அள்ளுயந்திரம் உருவாயிற்று. மறு ஆண்டே அதன் உரிமையை மெல்ரோ என்ற கம்பெனி பெற்றது. 1960-இல் நான்கு சக்கர யந்திரம் வந்தது. 1962-இல் பாப்கேட் என்ற பெயரும் ஏற்பட்டது. கூரைக்கடியில், கெட்டியான தரையில், குறுகிய இடத்தில் அள்ளிக் கொட்டுவதே இதன் பிறவிப் பணி. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

பாப்கேட்டின் சக்கரங்கள் டிராக்டரின் முன்சக்கரங்களைப்போல் திரும்புவன அல்ல. இடப்புறச் சக்கரங்கள் இரண்டும் ஒரு விசையிலும், வலப்புறம் இரண்டும் வேறொரு விசையிலும் எண்ணெய் அழுத்தத்தால் ஓடுகின்றன. ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும், அல்லது பின்னோக்கியும் ஓடும்போது, சக்கரங்கள் தரையில் சறுக்கித் தேய்ந்தபடியே யந்திரம் திரும்புகிறது. சிமெண்டுத் தரையில் இதனால் டயர் மட்டுமே தேயும். நம் செம்மண் வயலில் மேல்மண்ணே உரிந்துபோகும். மழைக்காலத்துச் சேற்றில் இரண்டுமுறை திரும்பினால் அவ்விடம் எருமை புரண்ட குட்டைபோல் ஆகிவிடும். தளிப் பக்கத்து மேட்டு நிலங்களிலும் தேன்கனிக்கோட்டைச் சரிவுகளிலும், தூக்கிய வாளியோடு குறுக்கே ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

நம் பகுதியின் பயிர்களையும் கவனிப்போம். மல்பெரித் தோட்டங்களில் இப்போது பரிந்துரைக்கப்படும் இரட்டை வரிசை முறையில், இரண்டு வரிசைகளுக்கிடையே மூன்றடியும், அடுத்த ஜோடிக்கு முன் ஐந்தடியும் விடுகிறோம். அந்த ஐந்தடி இடைவெளியே யந்திரம் செல்வதற்கான பாதை. பவர் டில்லர் அதில் தாராளமாகப் போகும்; அகலம் குறைந்த சிறு டிராக்டரும் போகும். பாப்கேட்டின் பெரும்பாலான வகைகள் ஐந்தடியோ அதற்கு மேலோ அகலமுள்ளவை. செடியின் கிளைகளை முறிக்காமல் நுழைய இயலாது. சுழல் கலப்பையை அதன் முன்னால் பூட்டலாமே என்று சிலர் கேட்கக்கூடும். பூட்டலாம்தான், ஆனால் உழுத மண்மீதே சக்கரங்கள் ஏறி அதை மறுபடி இறுக்கும். அதைத் தவிர்க்கப் பின்னோக்கியே ஓட்டவேண்டும். நாள் முழுதும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு உழ யாருக்குப் பொறுமை இருக்கிறது?

எரு அள்ளும் வேலைக்காவது அது வேண்டாமா? அதற்கும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இறவை மல்பெரிக்கு ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 20 டன் தொழு உரம் என்பது பட்டுவளர்ப்புத் துறையினரின் பரிந்துரை. ஏக்கருக்கு 8 டன். இரண்டு ஏக்கர் மல்பெரியும் ஓர் ஏக்கர் கேழ்வரகும் நான்கைந்து கறவைகளும் உள்ள குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆண்டில் 16 டன் எரு அள்ளவேண்டும். வாளிக்கு 300 கிலோ என்று வைத்தால் ஏறத்தாழ 54 வாளி. வாளிக்கு இரண்டு நிமிடம் என்றால் எல்லாம் இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். சிறு டிராக்டரைப்போல் பல மடங்கு கிரயமுள்ள யந்திரம் ஆண்டில் ஒரு காலை வேளை உழைத்துவிட்டு, மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும்; தவணை நிற்காது. வரியிலும் வித்தியாசம் உண்டு: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பாப்கேட் மண்வேலை யந்திரங்களோடு சேர்ந்து 18 சதவீத வரிக்குட்பட்டது.

டிராக்டரின் வேலை இழுப்பது. கொத்துக் கலப்பையை இழுக்கும், சுழல் கலப்பையைச் சுற்றும், மருந்து தெளிப்பானை இயக்கும், குழி தோண்டும் துளைக்கருவியையும் ஓட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக டிரெய்லரை இழுத்துக்கொண்டு சாலையில் போகும். ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி ஏற்றவும், தொழு உரத்தை வயலுக்குக் கொண்டுசெல்லவும் இதுவே உதவும். பாப்கேட்டோ தன்னையே இன்னொரு லாரியில் ஏற்றிக்கொண்டு வரச்சொல்லும் யந்திரம். சிறு டிராக்டர் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதுமில்லை. பெங்களூரில் 1967-இல் தோன்றி, ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு வளர்ந்த வி.எஸ்.டி. டில்லர்ஸ் கம்பெனி தன் சிறு டிராக்டர்களை ஓசூரிலேயே செய்துவருகிறது. உதிரிப் பாகம் அருகில் கிடைப்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது உழவு நாளில் யந்திரம் நின்றுபோனவருக்குத் தெரியும். வேறு கம்பெனியாரின் சிறு டிராக்டர்களும் உண்டு. ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குக.

அப்படியானால் மூன்று ஏக்கர்க்காரர் டிராக்டர் வாங்கிவிடலாமா? இங்கேதான் என் அபிப்பிராயம் சிலருக்குக் கசக்கும். மேற்சொன்ன அதே குடும்பத்தின் வேலையை மணிக்கணக்கில் எழுதிப் பார்த்தேன். மல்பெரியில் ஆண்டுக்கு ஐந்து அறுவடை. ஒவ்வொன்றின் பின்னும் இடை உழவு. ஏக்கருக்கு இரண்டு மணி வீதம் 20 மணி. கேழ்வரகு உழவுக்கு 5 மணி. எரு ஏற்றிச் செல்ல 12 மணி. வாரம் இரண்டு மணி சந்தைக்கும் பிற வேலைக்கும் என்றால் 100 மணி சொச்சம். எல்லாம் கூட்டினாலும் 150 மணியைத் தாண்டவில்லை. டிராக்டர் கட்டுபடியாக ஆண்டுக்கு 1,000 மணி நேர வேலை வேண்டும் என்பது நெடுங்காலமாகப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. தனியாக வாங்கியவர் மீதி நேரத்தை ஊராருக்கு வாடகைக்கு ஓட்டியாக வேண்டும். அப்போது அவர் விவசாயி என்பது போய், டிரைவராகவும் வாடகை வசூலிப்பவராகவும் ஆகிவிடுகிறார். அது ஒரு தொழில்தான். ஆனால் அதற்கென்று துணிந்து இறங்கவேண்டும், தற்செயலாக விழக்கூடாது.

ஆகவே ஐந்தாறு அங்கத்தினர் சேர்ந்து வாங்குவதோ, சங்கமே வாங்கி வாடகைக்கு விடுவதோதான் சரியான வழி. தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவற்றில் இத்தகைய வாடகை மையங்கள் நடக்கின்றன. வேளாண்மைப் பொறியியல் துறையும் மணிக்கணக்கில் டிராக்டர் வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலி வழியே பதிவு செய்யலாம். கூட்டாக வாங்குவோர் உழவு முறை யாருக்கு முதலில் என்பதை மழைக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டுவிடவேண்டும். மழை பெய்த மறுநாள் எல்லார் நிலமும் ஒரே சமயத்தில் பதமாகும்; சண்டை அன்றைக்குத்தான் வரும்.

பாப்கேட் யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நூறு கறவைகளைச் சிமெண்டுத் தரைக் கொட்டகையில் வளர்ப்பவருக்கும், பெரிய கோழிப்பண்ணைக்காரருக்கும் அது நாள்தோறும் வேலை செய்யும். அதன் பூர்விகமே அதுதானே. மற்றவர் ஆண்டுக்கொரு முறை எருக்குழியைக் காலி செய்யவேண்டுமானால் வாடகைக்கு அழைக்கலாம். பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வருமானால் லாரிக் கூலி போக வர எவ்வளவு என்று முன்னதாகவே கேட்டு எழுதி வாங்குக. வேலைக்கூலியைவிட அது அதிகமாகிவிடக்கூடும். பத்துக் கறவை வரை உள்ளவர்களுக்கு நடுவழி ஒன்றுண்டு: நான்கு சக்கரமும் இழுக்கும் சிறு டிராக்டரின் முன்னால் அள்ளும் வாளி பொருத்துவது. அப்போது பின்புறம் போதிய எடை கட்டவேண்டும். இல்லையேல் வாளி நிறைந்ததும் பின்சக்கரம் எழும்பும்.

எந்த யந்திரமானாலும் ஆபத்தை அறிந்து ஓட்டவேண்டும். சக்கரமுள்ள பாப்கேட்டில், வண்டியைக் கவிழ்க்கும் பாரத்தில் பாதியையே பாதுகாப்பான சுமையாகக் குறித்திருப்பார்கள், அதற்குமேல் ஏற்றலாகாது. தூக்கிய கைகளுக்கு அடியில் யாரும் போகக்கூடாது. டிராக்டரில் பின்புறம் சுழலும் தண்டு நிமிஷத்துக்கு 540 முறை சுற்றுகிறது. அதன் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவதை நம் ஊர்களில் அடிக்கடி காண்கிறேன். வேட்டி நுனியோ சேலைத் தலைப்போ அதில் சிக்கினால், கைநீட்டி நிறுத்துவதற்குள் எல்லாம் நடந்துவிடும். பழைய டிராக்டர் வாங்குவோர் விலை பேசுமுன் அந்த மூடி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லையென்றால், புதிது பொருத்திய பிறகே வண்டியை ஓட்டிச்செல்லுங்கள்.