உங்களுக்குத் தெரியுமா? விவாகரத்து முடிந்த பிறகும் ஜீவனாம்சம் கேட்கலாம்

தீர்ப்பு வந்த அன்றே கேட்காவிட்டால் ஜீவனாம்ச உரிமை போய்விடும் என்று நம்பி எத்தனையோ பெண்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அது தவறு. இந்து திருமணச் சட்டம் (1955), பிரிவு 25-இன்படி, தீர்ப்புக்குப் பிறகும் எப்போது வேண்டுமானாலும் மனு போடலாம். கணவரும் கேட்கலாம்.

● எந்த மதமானாலும், மறுமணம் செய்யாத, பிழைக்க வருமானம் இல்லாத பெண்ணுக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 144 (பழைய 125) துணை நிற்கிறது. இந்த மனுவுக்காகக் கணவரின் ஊருக்கு அலைய வேண்டாம். கோவளத்திலோ கல்பாக்கத்திலோ தாய்வீட்டில் இருப்பவர் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே போடலாம்.

● மாமல்லபுரத்தில் கல் செதுக்குபவருக்கும் படகு வைத்திருப்பவருக்கும் சம்பளச் சீட்டு ஏது? ஆனாலும் தப்ப முடியாது. வருமானம், சொத்து, வண்டி, வங்கிக் கணக்கு, கடன் எல்லாவற்றையும் இருவரும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்று 2020 நவம்பர் 4-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது (ரஜ்னேஷ் எதிர் நேஹா). தொகையும் மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்கு.

● 2001 வரை பிரிவு 125-இல் இருந்த உச்சவரம்பு: மாதம் 500 ரூபாய்!

● பாக்கி வைத்தால் சிறை உண்டு. சிறை சென்றாலும் பாக்கி கழியாது. ஆனால் பிரிவு 144-இன்கீழ் வந்த உத்தரவென்றால், பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும், இதைத் தவறவிடாதீர்கள்.

● வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண்: 15100.